பட்டுத் துணியில் பதிந்த வட கடல்

அனைவருக்கும் வணக்கம்.

கடல் சூடாகிறது என்று வெப்பமானி சொல்லிவிடும். அந்தச் சூட்டில் உயிர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் மிதவை உயிரிகளைத்தான் கேட்க வேண்டும். நீரோட்டம் இழுத்த பக்கம் போகிறவை அவை. ஆயுள் குறைவு. பெரும்பாலானவற்றை யாரும் வலை போட்டுப் பிடிப்பதும் இல்லை. ஆகவே தண்ணீர் மாறினால் அவற்றில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் ஹல் நகரிலிருந்து கடல் உயிரியலாளர் ஆலிஸ்டர் ஹார்டி 1931இல் இந்த மிதவை உயிரிகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகக் கருவி. வழக்கமான சரக்குக் கப்பல்களே அதைக் கட்டி இழுத்துச் செல்கின்றன. முன்புறம் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியே புகும் தண்ணீர் பட்டுத் துணியில் வடிகிறது. பின்னால் சுழலும் விசிறி துணியை மெல்ல நகர்த்த, இன்னொரு துணி மேலே வந்து மூட, இரண்டும் சுருண்டு, உயிரிகள் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இறங்கிவிடும். பத்து கடல் மைலுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் துணி. ஆய்வகத்தில் அதை விரித்து, எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள்; அப்புறம் நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்.

எண்ணிக்கையைவிட, யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்பேன். கலானஸ் என்ற மூன்று மில்லிமீட்டர் உயிரியில் இரண்டு இனங்கள் உண்டு. ஐந்தாம் காலின் உள்விளிம்பு ஒன்றில் ஏறக்குறைய நேராக இருக்கும், மற்றதில் வளைந்திருக்கும். பார்வைக்கு அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முதலாவது குளிர்நீர் இனம், வசந்தத்தில் பெருகுவது. இரண்டாவது வெதுநீர் இனம், கோடை கழியும்போது பெருகுவது. வசந்தத்தில் பொரிக்கும் காட் மீன் குஞ்சுக்கு அந்த நேரத்தில் இரை வேண்டும். 1980களின் இறுதியில், பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் குளிர்நீர் இனம் ஒதுங்கி, வெதுநீர் இனம் கை ஓங்கியது. இரை இருந்தது, குஞ்சுக்குத் தேவைப்பட்ட காலத்தில் இல்லை. காட் மீன் குறைந்ததற்கு மிதமிஞ்சிய மீன்பிடிப்பு பெரிய காரணம். சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் மீண்டு வர முடியாமல் அது தவித்ததில் இந்த இரை மாற்றத்துக்கும் பங்குண்டு.

எனக்கு நெஞ்சு பதைப்பது வேறொன்றை நினைத்து. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் அரசு நிதி நின்று இந்தக் கணக்கெடுப்பே மூடும் நிலைக்கு வந்தது. பல நாடுகள் கைகொடுக்க, 1990இல் தனி அறக்கட்டளை அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். மூடியிருந்தால், கடல் புரண்ட நேரத்தில் நம் கண் அவிந்திருக்கும். இன்று பிளிமத் நகரில் அந்தப் பணி தொடர்கிறது.

பழைய துணிகளையும் அவர்கள் எறியவில்லை. 1960களிலிருந்து சேர்ந்த மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நுண் பிளாஸ்டிக் இழைகள் காலப்போக்கில் கூடிவந்தது தெரிந்தது. 2004இல் அந்த முடிவு வெளியானது. அந்தத் துணியைச் சுருட்டி வைத்த நாளில் பிளாஸ்டிக்கை யாரும் தேடவே இல்லை.