பரணில் இருந்து இறங்கும் வால்வு ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பரணில் இருந்து ஒரு வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகளால் ஓடுவது) இறங்கும். மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று ஏதோ ஒன்று. சில வீடுகளில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிய மைக்செட் ஆம்ப்ளிஃபயரும் கூடவே வரும். தூசி தட்டியதும் பிளக்கைச் சொருகி, பாடுகிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்தும் கெடாத செட், அந்த முதல் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

பெரும்பாலும் காரணம், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர்தான். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். செட் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தப் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் நலிந்துபோகும். அந்த நிலையில் திடீரென்று 300 வோல்ட் வந்தால் உள்ளே கசிவு, சூடு, சில சமயம் வெடிப்பு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும். வால்வைத் தேடிப் பிடித்துவிடலாம். அந்த செட்டுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

அடுத்தது மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர். நம் டெல்டாவின் ஈரக்காற்று இதற்கு ஆகவே ஆகாது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்கு (கட்டுப்பாட்டு முனைக்கு) போகும் கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துத் தானும் கெட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். செட் நன்றாகப் பாடினாலும் அந்த ஒன்றை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. செலவு சில ரூபாய்தான்.

முதலில் பிளக் பக்கமே போகாமல் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். எலி கடித்த ஒயர், குளவிக்கூடு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும். மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் தொட்டாலே உதிரும். அதை மாற்றியே ஆக வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாக யாராவது செம்புக் கம்பி சுற்றியிருந்தால் எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போடுங்கள். டயல் கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். திருச்சி, கொழும்பு என்ற ஊர்ப்பெயர்கள் அந்தப் பக்கம்தான் அச்சாகியிருக்கும், துணியோடு வந்துவிடும். கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஓடு பறந்த வீடுகளில் நனைந்த செட்டுகள் இன்னும் பரணில் இருக்கலாம். அப்படிப்பட்டதை ஈரமில்லாத அறையில் பல நாள் உலரவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் கசிவு இருக்கிறதா என்று மெக்கரை (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) கொண்டு சோதித்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

அப்புறம்தான் மின்சாரம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டுக்கு சீரீஸாக, அதாவது பல்பு வழியாகவே செட்டுக்கு மின்சாரம் போகும்படி இணைக்க வேண்டும். எல்இடி பல்பு உதவாது. முதலில் ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வால்வைப் போட்டுச் சோதிக்கலாம். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. வால்வு சூடானதும் மறுபடி கொஞ்சம் பிரகாசமாகும், பயப்பட வேண்டாம். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வோல்டேஜை மெதுவாக ஏற்றினால் கண்டென்சர் தேறிவிடும் என்று பலர் சொல்வார்கள். வால்வு ரெக்டிஃபயர் உள்ள செட்டில் இது அவ்வளவாகப் பலிக்காது. வால்வு சூடாகும் வரை உயர்மின்னழுத்தமே வராது; சூடானதும் ஒரே பாய்ச்சலாக வரும். கண்டென்சரைத் தனியாகக் கழற்றி, பெரிய ரெசிஸ்டர் வழியாக மெல்ல மெல்ல ஏற்றுவதே முறை. அதுவும் தெரிந்தவர் கையால். உப்பியதோ ஒழுகியதோ என்றால் அந்த முயற்சியே வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: சீரீஸ் பல்பு செட்டைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி டிசி செட்டுகளில் சேசிஸிலேயே (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்திலேயே) நேராக ஃபேஸ் வந்து நிற்கலாம். திருகு குமிழ் கழன்று இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால் அதைத் தொட்டாலே போதும், ஷாக் அடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படிப்பட்ட செட்டைப் பின்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது.

மைக்செட் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள். சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, சுற்றே பொறிந்துபோகும்.

எல்லாம் சரியாகி பல்பை எடுத்துவிட்டு நேரடியாக ஓட்டும் முதல் நாள், அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கருகல் வாடை வந்தாலோ உறுமல் ஏறிக்கொண்டே போனாலோ அணையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஏரியலுக்கு ஜன்னல் வரை ஒரு ஒயரை இழுத்துவிட்டு, வீட்டு எல்இடி விளக்குகளையும் போன் சார்ஜரையும் அணைத்துவிட்டு, மத்திய அலையில் திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்புங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும்.