யாருமே பார்க்கல, ஆனா ஸ்ட்ரோக் போச்சு! பாபி ஜோன்ஸ் 1925

கோல்ஃப்ல ஒரே ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு அடி. குறைஞ்ச அடியில முடிக்கறவர்தான் ஜெயிப்பார். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அமெரிக்க ஓப்பன் கோப்பை இவருக்குத்தான். நடந்ததைப் பார்த்த சாட்சி ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் ஏன் தன் மேல தானே அபராதம் போட்டுக்கிட்டார்?

பாபி ஜோன்ஸ். அட்லாண்டாக்காரர், 1902ல பிறந்தவர், பின்னாள்ல வக்கீல். போட்டி ஆடின காலம் முழுக்க அமெச்சூர், பரிசுப் பணம் வாங்கினதே இல்ல. 1930ல ஒரே வருஷத்துல அன்னிக்கு இருந்த நாலு பெரிய பட்டத்தையும் ஜெயிச்சுட்டு, 28 வயசுல ஒதுங்கிட்டார். பின்னணி போதும், மைதானத்துக்குப் போவோம்.

மாசசூசெட்ஸ், வூஸ்டர் கன்ட்ரி கிளப். முதல் ரவுண்ட் (18 ஹோல், அதாவது 18 குழி), 11வது ஹோல். பந்து கிரீனுக்கு (குழியைச் சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரை) கொஞ்சம் முன்னாடி, சரிவுல அடர்ந்த புல்லுக்குள்ள கிடக்குது. அடிக்கத் தயாராகி நிக்கிறார். கிளப் புல்லை உரசுது, பந்து லேசா அசையுது. அவ்வளவுதான்! கூட ஆடின வால்டர் ஹேகனும் கவனிக்கல, அதிகாரிகளும் கவனிக்கல. ஜோன்ஸே பந்து அசைஞ்சதுன்னு சொன்னார். "நாங்க பார்க்கலையே, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு அவர்கிட்டயே விட்டுட்டாங்க. அவர் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்து எழுதச் சொன்னார். 76 ஆக வேண்டிய ரவுண்ட் 77 ஆச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நாலு ரவுண்ட் முடிவுல ஜோன்ஸ் 291, போட்டியாளர் வில்லி மக்ஃபார்லேனும் 291. சமன் ஆனதால பிளேஆஃப், அதாவது ஜெயிச்சவரை முடிவு பண்ற கூடுதல் ஆட்டம், 18 ஹோல்: ரெண்டு பேரும் 75! மறுபடியும் 18 ஹோல்: மக்ஃபார்லேன் 72, ஜோன்ஸ் 73. மொத்தம் 108 ஹோல் ஆடி, ஒரே ஸ்ட்ரோக்ல கோப்பை போச்சு. பாராட்ட வந்தவங்ககிட்ட, 'பேங்க்ல கொள்ளையடிக்காததுக்கு ஒருத்தனைப் பாராட்டுவீங்களா'ங்கிற மாதிரி பதில் சொன்னதா சொல்வாங்க. அவரைப் பொறுத்தவரை அது தியாகமே இல்ல, ஸ்கோரைச் சரியா எழுதறது. கோல்ஃப்ல ஒவ்வொரு ஆட்டக்காரர் பின்னாடியும் நடுவர் நடக்கறதில்ல. பந்துக்குப் பக்கத்துல நிக்கிறவர் சொன்னாத்தான் உண்டு.

அடுத்த வருஷமே அமெரிக்க ஓப்பன்ல, சயோட்டோ மைதானத்துல, கிரீன்ல பந்தை உருட்டி விடற கிளப்பை (putter) வைக்கும்போது பந்து அசைஞ்சு, இன்னொரு அபராதத்தைத் தானே சொன்னார். அந்தத் தடவை ஒரு ஸ்ட்ரோக்ல ஜெயிச்சே விட்டார்! இன்னிக்கு விதிப்படி அந்த 1926 அபராதம் கிடையாது. கிரீன்ல தவறுதலா பந்து அசைஞ்சா சும்மா திரும்ப வெச்சுக்கலாம். ஆனா 1925ல நடந்தது இன்னிக்கும் ஒரு ஸ்ட்ரோக்தான்.

இவர் பிறவியிலேயே சாந்தம்னு நினைச்சுடாதீங்க. 1921ல, 19 வயசுல, ஸ்காட்லாந்தோட செயின்ட் ஆண்ட்ரூஸ்ல நடந்த பிரிட்டிஷ் ஓப்பன்ல ஒரு ரவுண்டோட முதல் ஒன்பது ஹோலுக்கு 46 அடிச்சு, 11வது ஹோல்ல பந்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போட்டியை விட்டே விலகினவர். கிளப்பைத் தூக்கி எறியற கோபக்காரர்னு பேர் வாங்கின பையன்! அதே ஊர்ல 1927ல அதே பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயிச்சார். 1958ல அந்த ஊரே கௌரவக் குடியுரிமை கொடுத்துச்சு. பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு அப்புறம் அதை வாங்கின முதல் அமெரிக்கர் இவர்தான். கோப்பைகளை விட இந்த மாற்றம்தான் பெருசுன்னு நான் சொல்வேன். நீங்க என்ன சொல்றீங்க, கமென்ட்ல எழுதுங்க.

கோல்ஃப் ஆடறவங்களுக்கு ஒரு விஷயம். ரஃப்ல (உயரமா வளர்ந்த புல்லுள்ள பகுதி) பந்து பெரும்பாலும் மண்ணுல உட்கார்றதில்ல, புல்லு மேல தொங்கிட்டு இருக்கும். பின்னாடி கிளப்பை அழுத்தி வெச்சா, பந்தைத் தாங்கற புல் சரிஞ்சு பந்து இறங்கிடும். அதனால கிளப்பைத் தரையில ஊன்றாம, புல்லுக்குக் கொஞ்சம் மேலேயே பிடிங்க. பந்து லேசா ஆட்டம் கண்டு, அதே இடத்துலேயே நின்னுட்டா அபராதம் இல்ல. இடம் மாறிட்டா, காரணம் நீங்கதான்னா, உடனே மார்க்கர்கிட்ட (உங்க ஸ்கோரை எழுதறவர்) சொல்லுங்க, ஒரு ஸ்ட்ரோக் சேருங்க, பந்தைப் பழைய இடத்துல வெச்சுட்டு அடிங்க. திரும்ப வைக்காம அடிச்சா அபராதம் மொத்தம் ரெண்டு ஸ்ட்ரோக்.