பரவாயில்லை டாக்டர்

வணக்கம். எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலித்து விறைத்துப்போகும் நோய், வந்து 11 வருடம் ஆகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். இங்கே ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, தைராய்டு என்று வேறு வேறு தொல்லைகளோடு வந்திருப்பீர்கள். வலியைத் தினமும் நோட்டில் எழுதி வைப்பது பற்றி, எனக்குத் தெரிந்த நோயை வைத்தே நான் பேசுகிறேன்.

முதல் மூன்று வருடம் நான் டாக்டரிடம் சொன்னது ஒரே வார்த்தைதான். "எப்படி இருக்கீங்க?" என்பார். "பரவாயில்லை டாக்டர்" என்பேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போய், கிடைத்த ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டு வருவேன். பொய் சொல்லவில்லை. கிளம்ப வேண்டுமே என்று காலையிலேயே வலி மாத்திரை போட்டிருப்பேன், அந்த நேரத்துக்குப் பரவாயில்லைதான். மூன்று வாரம் முன்பு சேலைக் கொசுவம் பிடிக்க முடியாமல் மகள் வந்து கட்டிவிட்டாளே, அது அந்த அறையில் நினைவுக்கே வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வரும்.

இது என் ஒருத்தியின் மறதி இல்லை. டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் டொனால்ட் ரெடல்மயர் என்ற டாக்டரும் 1996-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வலி தரும் மருத்துவப் பரிசோதனை முடிந்து வந்தவர்களிடம் எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பதை மனசு பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. உச்சமாக வலித்த நொடியும் கடைசிச் சில நிமிடங்களும்தான் நினைவில் நின்றன. பரிசோதனைக்கே இப்படி என்றால், டாக்டரை ஒருமுறை பார்த்ததற்கும் அடுத்த முறைக்கும் நடுவே உள்ள 90 நாள் வலியை யாரால் நினைவிலிருந்து சொல்ல முடியும்?

அதனால்தான் நோட்டு வாங்கினேன். நான் கணக்கு டீச்சர், பதிவேடு எழுதுவது பழகிய வேலை. ஆனாலும் ஆரம்பத்தில் தப்பாகத்தான் எழுதினேன். ஒரு நாளைக்கு நான்கு பக்கம். எங்கே வலித்தது, எப்படி வலித்தது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம். நாள் முழுக்க என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி கூடியதுபோல் இருந்தது, தூக்கம் போனது. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். யாருக்காவது எழுத எழுத பயம் ஏறினால் தயவுசெய்து நீங்களும் நிறுத்துங்கள், அல்லது குறையுங்கள்.

இப்போது மூன்று வரிதான். முதல் வரி, விழித்ததிலிருந்து முழுசாகக் கைவிரல் மடக்க எத்தனை நிமிடம் ஆனது. காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்பது எங்கள் நோயில் டாக்டர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. இரண்டாவது வரி, இன்று எந்த வேலை முடியவில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் எனக்கு எப்போதும் குழப்பம், ஆறா ஏழா? ஆனால் குக்கர் மூடியைத் திறக்க முடிந்ததா, பால் பாக்கெட்டை வெட்ட முடிந்ததா, கரும்பலகையில் ஒரு கணக்கு முழுதாகப் போட முடிந்ததா என்றால் பதில் சுலபம். மூன்றாவது வரி மாத்திரை.

இந்த மூன்றாவது வரியை லேசாக நினைக்காதீர்கள். எங்களுக்கு அதிகம் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒருநாள்தான் எடுக்க வேண்டும். மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் இருக்கும். அப்புறம், அந்த மருந்து வேலை காட்டவே ஆறிலிருந்து 12 வாரம் பிடிக்கும். ஐந்தாவது வாரம் "இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று நிறுத்தப் போனேன். என் வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். முதல் வாரம் 90 நிமிடம், 85, 95. அந்த வாரம் 70, 75, 65. எனக்கே தெரியாமல் குறைந்திருந்தது.

காய்ச்சல், வாய்ப்புண், மூச்சு வாங்குவது இவையெல்லாம் எழுதி வைத்துக் காத்திருக்கும் விஷயம் இல்லை. இந்த மருந்து எடுப்பவர்கள் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

டாக்டர்கள் எங்கள் நோயை அளக்க 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால். அத்தோடு ரத்தப் பரிசோதனை, கூடவே நோயாளி தனக்கு எப்படி இருக்கிறது என்று தரும் மதிப்பெண். அதில் கணுக்காலும் பாதமும் கிடையாது! எனக்கு அதிகம் வலித்தது பாதம். நோட்டில் "நடந்து பஸ் ஸ்டாப் போக முடியவில்லை" என்று 11 இடத்தில் இருந்ததைக் காட்டிய பிறகுதான் என் பாதத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

கத்திரிக்காய் சாப்பிட்டால் வலி கூடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு மாதம் நான்காவது வரியாக அதையும் குறித்தேன். என் நோட்டில் கத்திரிக்காய்க்கும் வலிக்கும் சம்பந்தமே தெரியவில்லை. தேர்வுத்தாள் திருத்திய மறுநாள்தான் கை வீங்கியிருந்தது. இப்போது ஒரே மூச்சில் திருத்துவதில்லை, எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பும் வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள், பிறகு நிரப்பாதீர்கள். 2002-ல் அமெரிக்காவில் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் காகித டைரி கொடுத்து, தினமும் மூன்று வேளை எழுதச் சொன்னார்கள். டைரியின் உறைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒளித்து வைத்திருந்தார்கள். எப்போது திறந்தார்கள் என்று அதில் பதிவாகிவிடும். எழுதியிருந்ததைப் பார்த்தால் 90 சதவீதம் ஒழுங்காக எழுதியதாகத் தோன்றியது. உண்மையில் சரியான நேரத்தில் எழுதியது 11 சதவீதம்தான். மீதியெல்லாம் வேறு நேரத்தில் எழுதியது, பல நாளுக்குச் சேர்த்து வைத்து எழுதியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வலியில் இருப்பவர்கள், வெறும் பக்கத்தைக் காட்ட வெட்கப்பட்டிருப்பார்கள். ஆனால் வகுப்பு வருகைப் பதிவேட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பினால் அது வருகைப் பதிவேடே இல்லை, சரிதானே? வெறும் பக்கம் இருக்கட்டும். நல்ல நாளையும் எழுதுங்கள். "20 நிமிடம். எல்லா வேலையும் ஆனது." அந்த வரி இல்லாவிட்டால் நோட்டில் வலி மட்டும்தான் மிஞ்சும்.

டாக்டரிடம் நோட்டை அப்படியே நீட்ட வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. போவதற்கு முந்தின இரவு அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். நான் அதைக் கொடுத்த முதல் நாள், டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாற்றினார். ஞாயிறு மாத்திரை, திங்கள் குமட்டல் என்று எட்டு வாரம் வரிசையாக இருந்தது. அதற்கு முன்பு அந்தக் குமட்டலை நான் வாய் திறந்து சொன்னதே இல்லை.

என் பழைய நோட்டுகளை மேடைக்குக் கீழே மேசையில் வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் எடுத்துப் பாருங்கள். சில பக்கங்களில் எழுத்து கோணிப்போயிருக்கும், வார்த்தை புரியாது. அவை பேனா பிடிக்க முடியாத நாட்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கத் தெரியும், எழுத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவரே சமையலறைக்குப் போய்விடுவார்.