எத்தன தையல்?

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரிசையில கேக்குதா? சரி. நான் மாயவரத்துல முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிறவன், மேடையெல்லாம் பழக்கமில்ல, புள்ளைங்க தையல் வகுப்பு முடிச்சு சர்டிபிகேட் வாங்குதுங்க நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும்னு கூப்புட்டாங்க, ரெண்டு எதுக்கு ஒரு வார்த்தையே போதும்னு வந்துட்டேன். அந்த வார்த்த தையல்.

ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா, ஹெம்மிங்னு எல்லாம் படிச்சிட்டீங்க. அதெல்லாம் தச்சுத் தச்சு கைக்கு வந்துரும். நான் சொல்ல வந்தது இந்த வார்த்த நம்ம கடைய விட்டு வெளிய போயி என்னென்ன வேலை பாக்குதுங்கிறத.

வைத்தீஸ்வரன் கோயில் இந்தா பக்கத்துலதான் இருக்கு. அம்மன் பேரு தையல்நாயகி. சின்னப் புள்ளையில நான் அது டைலருங்களுக்குன்னே இருக்குற சாமின்னு நெனச்சிக்கிட்டு மத்தவன்கிட்டயெல்லாம் பெருமை பேசிக்கிட்டு திரிஞ்சேன். அப்பறம் தமிழய்யாதான் டேய் தையல்னா பொண்ணு, அழகுன்னும் அர்த்தம் இருக்கு, ஒங்க அப்பன் கடைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லடான்னு சொல்லி மானத்த வாங்கிட்டாரு. சாமி அங்க வைத்தியரு, 4448 வியாதிக்கும் மருந்து குடுக்குறவரு, தைலக் கிண்ணத்தோட கூட நிக்கிறது அம்மன். அதனால தைலநாயகின்னு சொல்றவங்களும் உண்டு. எங்க பக்கம் வயசான பொம்பளைங்கள்ல தையல்நாயகின்னு பேரு வச்சவங்க நெறைய பேரு, வீட்டுல கூப்புடுறது தையலுன்னு. எங்க தெருவுலயே ஒரு தையலு ஆச்சி இருந்துச்சு, ஆனா ஊசியில நூல் கோக்கக் கூட தெரியாது.

ஆத்திசூடியில ஔவையாரு 'தையல்சொல் கேளேல்'னு வச்சிட்டுப் போயிட்டாங்க, பாரதியாரு புதிய ஆத்திசூடி எழுதுனப்ப 'தையலை உயர்வு செய்'னு மாத்தி வச்சாரு. நான் பாரதியார் கட்சி. பொழப்புக்கும் அதுதான் சரி, தையல் சொல்லக் கேக்காம நான் ஒரு ப்ளவுஸ் தச்சிப் பாக்கட்டும், கை அர இஞ்ச் கூடிப்போச்சுன்னு மறுநாள் கடை வாசல்ல வந்து நிக்கிறப்ப தெரியும்.

இப்ப தைக்கிறதுங்கிறதுக்கு வருவோம். துணி தைக்கிறோம், செருப்பு தைக்கிறோம், மந்தார இலைய ஈர்க்கு குத்தி தைக்கிறோம், இதெல்லாம் சேக்குற வேலை. ஆனா கால்ல முள்ளு தச்சிருச்சுன்னும் அதே வார்த்தையத்தான் சொல்றோம். மச்சான் சொன்னது சுருக்குனு தச்சிருச்சுன்னு நாலு வருஷம் பேசாம இருக்குறவங்க நம்ம வீடுகள்லயே இருக்காங்க. அங்க எத எதோட சேத்தாங்க? ரொம்ப நாளு எனக்கு இது புரியல. ஆனா யோசிச்சுப் பாத்தா நம்ம ஊசியும் குத்தாம எதையும் சேக்குறதில்ல. பதினஞ்சு வயசுல காலர் ஓட்டிக்கிட்டு இருக்கேன், ரேடியோவுல கிரிக்கெட், கவனம் அங்க போச்சு, ஊசி நகத்து மேல எறங்கி அடிப்பக்கமா வந்துருச்சு, வெரல எடுக்கவும் முடியல சக்கரத்த கையால திருப்பித்தான் ஊசிய மேல தூக்கணும். அப்பா வந்து திருப்புனாரு. திட்டல. அன்னைக்கு அந்த வார்த்தையோட ரெண்டு பக்கமும் எனக்குப் புரிஞ்சிருச்சு.

மூட்ட தைக்கிறத பாத்திருக்கீங்களா? இப்ப கொள்முதல் நிலையத்துல கை மெஷின் வந்து 40 கிலோ சிப்பத்த டர்ருனு ஒரே ஓட்டுல ஓட்டிருது. முன்னாடி களத்துல கோணி ஊசியும் சணலும்தான். ஒருத்தர் முட்டியால மூட்டைய அணைச்சுப் புடிச்சிக்கிட்டு வாய மடிச்சு, மூலையில கொஞ்சம் சாக்கக் குவிச்சு முறுக்கி சணல சுத்துவாரு, அதுக்குப் பேரு காது, அப்பறம் நீள நீளமா நாலஞ்சு இழுப்பு போட்டு அந்தப் பக்கம் இன்னொரு காது. அந்த ரெண்டு காதப் புடிச்சுத்தான் தூக்குறவரு முதுகுல ஏத்தணும், காது நழுவுனா நெல்லு பூரா மண்ணுல. நானும் டைலர்தான், ஆனா அவர் வேகத்துக்கு என்னால ஒரு மூட்ட தைக்க முடியாது.

தை மாசத்துக்கும் இந்த தைக்கும் சம்பந்தமில்ல, அது நட்சத்திரக் கணக்குல வந்த பேரு. ஆனா எங்க கடைக்கு சம்பந்தம் உண்டு, சம்பா அறுத்து கைக்கு காசு வந்து கல்யாணம் வைக்கிறது தையிலதான, மார்கழி பூரா ஈ ஓட்டிட்டு தையில தூக்கமில்லாம தைப்போம். சர்டிபிகேட் வாங்குன கையோட கடை போடுறவங்க இத மனசுல வச்சு மார்கழிக்கு வாடகைய எடுத்து வச்சிக்கிங்க.

கடைசியா ஒண்ணு. போன வருஷம் வீட்டுக்காரம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன். அவங்களும் என் கூட உக்காந்து தைக்கிறவங்கதான். பாக்க வர்றவங்க எல்லாரும் மொத கேக்குறது எத்தன தையல்னு. நம்ம கடையில எவனாவது சட்டைக்கு எத்தன தையல்னு எண்ணிக் கேட்டிருக்கானா? பத்து நாள் கழிச்சு தையல் பிரிக்கணும்னு சொன்னாங்க, எனக்கு ஒரே திகிலு, நமக்கு தையல் பிரிச்சா துணி ரெண்டாத்தான போகும். இங்க நர்ஸம்மா ஒவ்வொண்ணா வெட்டி உருவுறாங்க, தோலு அப்படியே சேந்து நிக்கிது, நூல் இல்லாமயே நிக்கிது. நான் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரம்மா மட்டும் மெல்ல தலையத் தூக்கி எட்டிப் பாத்துட்டு, ஏங்க, ஏழு தையல்ல நாலாவது கோணலா இருக்கு பாருங்கன்னாங்க.