லீஸுக்கு எடுக்கும் காரின் மறுவிற்பனை மதிப்பு யாருடைய கவலை?

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் தரும் இந்தப் பகுதியில் இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "முதன்முறையாக ஒரு சொகுசு செடான் காரை மூன்று ஆண்டு லீஸுக்கு எடுக்க இருக்கிறேன். பிஎம்டபிள்யூ 330ஐ, மெர்சிடீஸ் சி300, லெக்ஸஸ் இஎஸ் ஆகிய மூன்றில் ஒன்று. எந்தெந்த வசதிகளைச் சேர்த்துக்கொண்டால் மறுவிற்பனை மதிப்பு நன்றாக இருக்கும்? அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து எங்களோடு தங்கப் போகிறார்கள்."

இந்தக் கேள்வியைப் படித்த நாளிலிருந்து அது என் மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லீஸ் என்றால் மாதத் தொகை கட்டிக் காரைச் சில ஆண்டு ஓட்டிவிட்டு, கடைசியில் திருப்பிக் கொடுப்பது, விரும்பினால் வாங்கிக்கொள்வது. அப்படி லீஸுக்கு எடுக்கப் போகிறவர், காரை விற்கப் போகிறவருடைய கவலையையும் சேர்த்துச் சுமக்கிறார். ஊரில் ஒரு மாருதி வாங்கினாலும் 'விற்கும்போது என்ன விலைக்குப் போகும்' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் லீஸில் அந்தக் கேள்விக்கான விடை, நீங்கள் கையெழுத்துப் போடும் தாளிலேயே எண்ணாக எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த எண்ணுக்கு ரெசிடுவல் என்று பெயர். மூன்று ஆண்டு முடிவில் இந்தக் கார் இன்ன விலை பெறும் என்று லீஸ் தரும் நிதி நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்து, ஸ்டிக்கர் விலையில், அதாவது தயாரிப்பாளர் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையில், இத்தனை விழுக்காடு என்று நிர்ணயிக்கிறது. நீங்கள் பேரம் பேசிக் குறைத்த விலையும் ரெசிடுவலும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அந்தத் தொகையைத்தான் 36 மாதங்களாகப் பிரித்துக் கட்டுகிறீர்கள். அதோடு வட்டியைப் போன்ற ஒரு வாடகைக் கட்டணமும் சேரும். அதைக் கணக்கிட மணி ஃபாக்டர் என்ற மிகச் சிறிய தசம எண் ஒன்று பயன்படுகிறது. அதை 2400-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆண்டு வட்டி விகிதம் கிடைத்துவிடும் என்பதைக் கடன் மதிப்பெண் பற்றிய காணொளியிலேயே சொல்லியிருக்கிறேன்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப் போவது தெரியும். விலை குறைந்த கார் வேறு, லீஸ் குறைந்த கார் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை, ஏனென்றால் இதை மறந்துவிட்டு டீலரிடம் போகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்காக இரண்டு கார்களை வைத்துக்கொள்வோம். முதல் காரின் ஸ்டிக்கர் விலை 50,000 டாலர், ரெசிடுவல் 60 விழுக்காடு, மணி ஃபாக்டர் 0.0018. இரண்டாவது காரின் விலை 47,000 டாலர், ரெசிடுவல் 52 விழுக்காடு, மணி ஃபாக்டர் 0.0025. இரண்டிலும் தள்ளுபடி ஏதும் இல்லை. முதல் கார் மூன்று ஆண்டுகளில் 20,000 டாலர் மதிப்பை இழக்கிறது. அது மாதம் 556 டாலர். விலையையும் ரெசிடுவலையும் கூட்டி மணி ஃபாக்டரால் பெருக்கினால் வாடகைக் கட்டணம் 144 டாலர் வருகிறது. ஆக மொத்தம் 700 டாலர். இரண்டாவது கார் இழப்பது 22,560 டாலர். இதே கணக்கைப் போட்டால் மாதம் 805 டாலர் வருகிறது. 3,000 டாலர் மலிவான கார், மாதத்துக்கு 105 டாலர் அதிகம் கேட்கிறது. வரியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே மறுவிற்பனை மதிப்பு என்று நேயர் கேட்பது, லீஸ் எடுப்பவரைப் பொறுத்தவரை ரெசிடுவல் விழுக்காடுதான். அதை அவர் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, டீலராலும் முடியாது. நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் மாதந்தோறும் இந்த எண்களை மாற்றி அறிவிக்கின்றன. இந்த மாதம் 330ஐ மலிவாகவும் அடுத்த மாதம் சி300 மலிவாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். தாளில் உள்ள ரெசிடுவல், சந்தையில் அந்தக் கார் உண்மையில் பெறப் போகும் விலையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சொகுசுக் கார்த் தயாரிப்பாளர்கள் தங்களுடைய சொந்த நிதி நிறுவனங்கள் வழியாகவே லீஸ் தருகிறார்கள். கார்கள் விரைவாக நகர வேண்டும் என்று விரும்பும் மாதங்களில், சந்தை தரும் என்று தாங்கள் எதிர்பார்ப்பதைவிட உயர்த்தியே ரெசிடுவலை எழுதுவார்கள். பின்னால் வரும் நட்டத்தை விற்பனைச் செலவாக அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட காரை மூன்று ஆண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவருக்கு ஆதாயம். அதே ரெசிடுவல் விலைக்கு அதை வாங்கிக்கொள்பவருக்கு நட்டம். லெக்ஸஸ் போல, பழைய கார்ச் சந்தையில் விலை இறங்காமல் நிற்கும் காரில் இது தலைகீழாகவும் ஆகலாம்: மாதத் தொகை சற்றுக் கூடுதலாக இருந்து, கடைசியில் வாங்கிக்கொள்வது இலாபமாக முடியலாம்.

2021, 2022 ஆண்டுகளில் இது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. சிப் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் கிடைக்காமல், பழைய கார்களின் விலை ஏறியது. 2018, 2019-இல் எழுதப்பட்ட ரெசிடுவல்களோ பழைய கணக்கிலேயே இருந்தன. லீஸ் முடிந்தவர்கள் தாளில் இருந்த விலையைக் கட்டிக் காரைத் தங்கள் பெயருக்கு மாற்றி, அதைவிடச் சில ஆயிரம் டாலர் கூடுதலாக விற்றார்கள். அது விதிவிலக்கான காலம். அதை எதிர்பார்த்து இன்று லீஸ் எடுக்கக் கூடாது. ஆனால் விலை ஏறினால் வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுடையது, விலை இறங்கினால் நட்டம் நிதி நிறுவனத்துடையது என்ற ஏற்பாட்டுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்.

இனி வசதிகளுக்கு வருகிறேன். நேயர் முதலில் கேட்டது அதைத்தான். தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு ஸ்டிக்கர் விலையில் சேர்ந்திருக்கும் வசதிக்குப் பொதுவாக அதே ரெசிடுவல் விழுக்காடு பொருந்தும். முதல் காரில் 2,000 டாலருக்கு ஒரு வசதித் தொகுப்பைச் சேர்த்தால், 1,200 டாலர் ரெசிடுவலில் போய்விடும். உங்கள் பங்கு 800 டாலரும் அதற்கான வாடகைக் கட்டணமும்தான். மாதம் 28 டாலர், மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டாலர். சொந்தமாக வாங்கியிருந்தால், பழைய கார்ச் சந்தை அந்தத் தொகுப்புக்குப் பெரிதாக விலை தராது. வசதிகள் காரைவிட வேகமாக மதிப்பிழக்கும். ஆகவே வசதிகளை அனுபவிக்க விரும்புகிறவருக்கு லீஸ் இணக்கமான ஏற்பாடு.

ஆனால் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்களை அருகில் போய்ப் படியுங்கள். ஒன்று, 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரிலும் தயாரிப்பாளர் ஒட்ட வேண்டிய விலைத் தாள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. அதன் பக்கத்தில் சில டீலர்கள் இன்னொரு சிறிய தாளை ஒட்டியிருப்பார்கள்: பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, டயரில் நைட்ரஜன், கண்ணாடிக்கு ஃபிலிம், கதவு விளிம்புக்குப் பட்டை. இவை ஸ்டிக்கர் விலையில் சேராதவை என்பதால் இவற்றுக்கு ரெசிடுவல் பெரும்பாலும் கிடையாது. அதே 2,000 டாலர் இங்கே முழுவதும் உங்கள் தலையில் விழும். மாதம் 59 டாலர். தொழிற்சாலை வசதிக்கு 28, டீலர் பூச்சுக்கு 59. அந்த இரண்டாவது தாளை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுக்க மறுத்தால் வேறு டீலரைப் பாருங்கள். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், விலையில் 2,000 டாலர் குறைக்க வைப்பது மாதம் 59 டாலர் மிச்சம். முதலில் காரின் விலையைப் பேசி முடியுங்கள், பிறகு மாதத் தொகையைப் பேசுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எந்த வசதி என்று கேட்டால், விற்கப் போவது நீங்கள் அல்ல என்பதால், உட்காரப் போகிறவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பேன். டாலஸ் வட்டாரத்தில் கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். இருக்கைக்கு உள்ளிருந்து காற்று வரும் வசதி அங்கே ஆடம்பரம் அல்ல. பின்புறம் தனி ஏசி துவாரங்கள் எப்படி இருக்கின்றன, பின் கண்ணாடிக்குத் திரை உண்டா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இருக்கையின் உயரம். முழங்கால் வலி உள்ள ஓர் அம்மா, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கதவின் மேல்விளிம்பில் ஊன்றி, தாழ்வான செடானின் பின் இருக்கையிலிருந்து எழுந்திருக்க முயல்வதை நான் பலமுறை கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவருக்கு இன்பம் தருவதில் 330ஐ முன்னால் நிற்கிறது; பின்னால் கால் நீட்டி உட்காருவதற்கு இந்த மூன்றில் இஎஸ்ஸுக்குத்தான் என் வாக்கு. பெரிய சக்கரங்களைத் தவிர்த்துவிடுங்கள். தோற்றத்துக்காக 19 அங்குலச் சக்கரம் எடுத்தால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். நடைபாதை ஓரத்தில் ஒருமுறை உரசினால் ரிம்மில் விழும் கீறல், திருப்பிக் கொடுக்கும் நாளில் கட்டணமாக வரும். நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளை, கறுப்பு, சாம்பல்தான் விற்கும் என்ற பழைய அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. அடர்நீலம் பிடித்திருந்தால் அடர்நீலமே எடுங்கள்.

முன்பணம் பற்றியும் ஒரு சொல். ஊரில் வீட்டை லீஸுக்கு, அதாவது ஒத்திக்கு எடுத்தால், கொடுத்த தொகை வீட்டைக் காலி செய்யும்போது முழுதாகத் திரும்பி வரும். இங்கே காருக்குக் கொடுக்கும் டவுன் பேமென்ட் திரும்பாது. 4,000 டாலர் கொடுத்துவிட்டு இரண்டாம் மாதமே கார் விபத்தில் முழுதாகச் சேதமானால், காப்பீட்டுப் பணம் நிதி நிறுவனத்துக்குப் போகும், உங்கள் 4,000 டாலர் போனதுதான். மாதத் தொகை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, நேயர் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. 'மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் நான் என்ன செய்யப் போகிறேன்?' என்பதே அந்தக் கேள்வி. திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா, வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்பது முடிவானால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும். டெக்சாஸில் இருப்பவருக்கு இது இன்னும் அவசரமான கேள்வி. பல மாநிலங்களில் நீங்கள் கட்டும் லீஸ் தொகைக்குத்தான் விற்பனை வரி. டெக்சாஸில் காரின் முழு விலைக்கும் 6.25 விழுக்காடு வரி; சட்டப்படி அதைக் கட்டுவது நிதி நிறுவனம் என்றாலும், ஒப்பந்தத்தின் வழியாக அது உங்களிடமே வந்து சேரும். 50,000 டாலர் காருக்கு 3,125 டாலர், அதாவது மாதம் 87 டாலர். கடைசியில் ரெசிடுவலுக்குக் காரை வாங்கினால், அந்த விலைக்கு மறுபடியும் வரி. வைத்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே இருந்தால், லீஸ் வழியாகப் போய் இரண்டு முறை வரி கட்டுவதைவிட, நேரடியாகக் கடனில் இஎஸ் வாங்கிப் பத்து ஆண்டு ஓட்டுங்கள். அப்போது நீங்கள் கேட்ட மறுவிற்பனை மதிப்பு உண்மையாகவே உங்கள் கேள்வி ஆகும்.

நம்மவர்களில் பலருக்கு இதற்குப் பின்னால் விசா பற்றிய கவலையும் இருக்கும். மூன்று ஆண்டு இங்கே இருப்போமா என்று உறுதியில்லாதவர்கள் லீஸ்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். இருபதாவது மாதத்தில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், மீதி மாதத் தொகைகளையும் கட்டணங்களையும் கணக்கிட்டு நிதி நிறுவனம் கேட்கும் தொகை கனமாக இருக்கும். லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை; மாற்றிய பிறகும் முதலில் கையெழுத்திட்டவரின் பொறுப்பு தொடரும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்திடும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரிஸ்கோ நண்பருக்கு என் விடை இது. மூன்று ஆண்டில் திருப்பிக் கொடுப்பது உறுதி என்றால், மூன்று டீலர்களிடமும் பேசி முடித்த விலை, ரெசிடுவல், மணி ஃபாக்டர், முதல் நாள் கட்ட வேண்டிய மொத்தத் தொகை ஆகிய நான்கையும் கேளுங்கள். ரெசிடுவலும் வாடகைக் கட்டணமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. மணி ஃபாக்டரைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், அதை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும், டீலர் அதில் தன் பங்கைக் கூட்டியிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். பெற்றோருடன் வார இறுதிகளில் ஆஸ்டின், ஹூஸ்டன் என்று போவீர்கள் என்பதால், ஆண்டுக்கு 10,000 மைல் வரம்புக்குப் பதிலாக 12,000 மைல் வரம்புக்கே கணக்குக் கேளுங்கள். வரம்பைத் தாண்டினால் மைலுக்கு 25 சென்ட் என்று வைத்தால், கூடுதலாக ஓடிய 3,000 மைலுக்கு 750 டாலர் ஆகிவிடும். அந்த எண்களை எனக்கு அனுப்பினால், அடுத்த பகுதியில் மூன்றையும் பலகையில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.