பக்கத்தில் ஒரு சங்கரன்கோயில்காரன்

திருநெல்வேலி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சண்டைக்களத்தில் சிப்பாய் ஏன் ஓடாமல் நிற்கிறான் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதராஸ் ரெஜிமெண்டில் 17 வருஷம் இருந்தவன் நான். 'நாட்டுக்காக' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். பட்டாளத்தில் சேர அது காரணமாக இருந்திருக்கும். மாதச் சம்பளமும் பென்சனும்கூடக் காரணம்தான். வானம் பார்த்த கரிசல்காட்டுப் பையனுக்கு வேறு போக்கிடம் ஏது? ஆனால் குண்டு விழுகிற நேரத்தில் காலைக் கட்டி நிறுத்துவது வேறொன்று.

எனக்கு அது ஒரு சங்கரன்கோயில்காரன். எல்லையில் முதல்முறையாகப் பீரங்கிக் குண்டு பக்கத்தில் விழுந்த ராத்திரி, வயிறு கலங்கிப்போய் எழுந்து ஓடத்தான் தோன்றியது. எங்கள் செக்‌ஷனில் 10 பேர். வலப்பக்கம் அவன் படுத்திருந்தான். நான் ஓடினால் அவன் பார்ப்பான். அடுத்த லீவில் ஊருக்குப் போவான். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தனிடம் சொன்னால் போதும், எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்துசேர ஒரு பொழுது ஆகாது. ஆடித்தபசுக்கு எங்கள் ஆச்சி வேறு சங்கரன்கோயிலுக்குப் போவாள். சிரிக்காதீர்கள், நான் அசையாமல் கிடந்தது அந்த வெட்கத்தினால்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் இதைத் தன் சிப்பாய்களிடமே கேட்டது. சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியல் அறிஞரின் குழு திரட்டிய பதில்கள் 1949இல் நூலாக வந்தன. சண்டையை முடித்தால்தானே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கூட இருக்கிறவனைக் கைவிடக் கூடாது என்பது அடுத்தது. லட்சியம், கொள்கை என்றவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நம்ம சீமைக்கு வருவோம். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கிழக்கிந்தியக் கும்பினியார் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாளிலேயே மண்கோட்டை மறுபடி எழுந்துவிட்டது. மார்ச் 31இல் ஏறிப்பார்த்த கும்பினிப் படை அடிபட்டுத் திரும்பியது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. உள்ளே நின்றவர்களில் பெரும்பாலோர் கட்டபொம்மனின் சாதிசனமான கம்பளத்தார். மாமன் பக்கத்தில் மச்சான், அண்ணனுக்குப் பின்னால் தம்பி. அந்த இடத்தை விட்டு எவன் ஓடுவான்? ஓடினால் எந்த வீட்டுக்குப் போவான்?

எதிர்ப்பக்கமும் ஆட்கள் நின்றார்கள். கும்பினிச் சிப்பாய்களில் நம்மவர்கள் உண்டு. பக்கத்துப் பாளையமான எட்டயபுரத்தார் படையும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்கு அது செஞ்சோற்றுக் கடன். மேடையில் இதை யாரும் பேசுவதில்லை, எனக்கும் சொல்லக் கூச்சம்தான். நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும் கால் ஊன்றி நிற்பவன் இரண்டு பக்கமும் இருக்கிறான்.

அந்தச் சண்டையில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். கோட்டை விழுந்த பிறகு பெண்கள் செத்தவர்களுக்கு நடுவே தங்கள் ஆட்களைத் தேடினார்கள். ஒரு தாய், உயிர் ஊசலாடக் கிடந்த மகனைக் கண்டு தூக்கப் போனாள். நான் சாகிறேன், பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான் மகன். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள். துரத்தி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மை போட்டுச் செத்த பையன் என்றார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பீரங்கிக்கு முன்னால் நின்ற கால்கள்தான் அவையும்!

போன மாசம் மிலிட்டரி கேண்டீன் வரிசையில் சங்கரன்கோயில்காரனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. அந்த ராத்திரியைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன்: "ஏல, ஒனக்கு ஓடணும்னு தோணலையா?"

"தோணுச்சு. நீ பாத்துக்கிட்டே கெடந்தியல்லா?" என்றான்.

வணக்கம்.