நார்ச்சிப் பழமும் தூக்குக்குண்டும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். "பூமி ஏன் உருண்டை என்று சொல்லுங்கள்" என்றுதான் ஆசிரியை என்னை அழைத்தார். சொல்கிறேன். ஆனால் அது சரியான உருண்டை இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் படித்த பாடப்புத்தகத்தில் பூமி ஆரஞ்சுப் பழம்போல மேலும் கீழும் தட்டை என்று போட்டிருந்தது. நம் ஊரில் இன்னும் தட்டையான பழம் ஒன்று உண்டே, தோல் எளிதில் உரியும் சின்ன ஆரஞ்சு வகை, நார்ச்சி! அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து போனது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பழம் இனிப்புத்தான், உவமை மட்டும் மிகை. பூமியின் மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர். ஓர் அடி விட்டத்தில் பூமி உருண்டை செய்தால் ஒரு பக்க விட்டம் இன்னொன்றைவிட 1 மில்லிமீட்டர்தான் குறையும். கடையில் விற்கும் உருண்டையைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 21 கிலோமீட்டர், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

என் அப்பா கொத்தனார். பையில் ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய நீளமான ரப்பர் குழாய். குழாயின் ஒரு நுனியை இந்தச் சுவரிலும் மறு நுனியை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். "நூலும் தண்ணியும் பொய் சொல்லாதுடா" என்பார்.

நியூட்டன் 1687-இல் செய்ததும் ஏறக்குறைய அப்பாவின் வேலைதான். வடதுருவத்திலிருந்து பூமியின் மையம்வரை ஒரு கிணறு, நிலநடுக்கோட்டிலிருந்து மையம்வரை இன்னொரு கிணறு. அடியில் இரண்டும் சேர்கின்றன. இரண்டிலும் தண்ணீர். மனத்துக்குள் தோண்டிய கிணறுகள், செலவில்லை! பூமி சுழலாமல் நின்றால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். சுழலும்போது? மோர் கடையும்போது பானையைக் கவனித்திருப்பீர்கள். மத்தைச் சுற்றிக் குழி விழும், ஓரத்தில் மோர் ஏறும். நிலநடுக்கோட்டில் இருப்பவை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கின்றன. (டர்பனில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாமும் 1,450-க்குக் குறையாமல் போய்க்கொண்டிருக்கிறோம்.) அந்தச் சுழற்சியால் நிலநடுக்கோட்டுக் கிணற்றுத் தண்ணீர் சற்று எடை குறைந்து நிற்கும். துருவக் கிணற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் அது இன்னும் உயரமாக நிற்க வேண்டும். இடுப்பு பெருத்த கதை இதுதான்.

தண்ணீர் சரி, பாறை எப்படி வளையும் என்று கேட்பீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில், பூமியின் உள்வெப்பத்தில், பாறையும் களிமண்ணாக நடந்துகொள்ளும். விண்வெளியில் திரியும் சிறு கற்கள் உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக இருக்கின்றன. அவற்றின் ஈர்ப்புக்குப் பாறையைப் பிசையும் பலம் இல்லை. பூமிக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுத்து உருண்டையாக்கிவிடுகிறது.

நியூட்டனுக்கு ஒரு துப்பு முன்பே கிடைத்திருந்தது. 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அங்கே ஈர்ப்பு குறைவு. அப்படியும் பாரிசில் ஒரு கூட்டம் பூமி எலுமிச்சைபோல மேலும் கீழும் நீண்டது என்று அடம்பிடித்தது. சண்டையைத் தீர்க்க 1735-இல் ஒரு குழு நிலநடுக்கோட்டருகே அன்று பெரு என்றிருந்த இன்றைய எக்குவடோருக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு குழு ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் போயின. வடக்கு தெற்காக ஒரு டிகிரி அட்சரேகை கடக்கத் தரையில் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். வடக்கே ஒரு டிகிரி நீளம், நிலநடுக்கோட்டருகே குட்டை. தட்டையான பக்கத்தில்தான் டிகிரி நீளும். நியூட்டன் ஜெயித்தார்.

இனி நம் நாட்டுக் கதை. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. 1751-இல் லக்காய் என்ற வானியலாளர் கேப் டவுனுக்கு வந்தார். நம் மேசை மலையின் பெயரை ஒரு விண்மீன் கூட்டத்துக்கே வைத்தவர். மறு ஆண்டு, கேப் டவுனிலிருந்து வடக்கே போகும் ஒரு கோட்டின் நீளத்தை அளந்தார். கணக்குப் போட்டால் டிகிரி எதிர்பார்த்ததைவிட நீளம்! பூமியின் தென்பாதி வடபாதிபோல் இல்லையோ என்று உலகமே குழம்பியது.

நட்சத்திரத்தை வைத்து ஓர் இடத்தின் அட்சரேகையைக் கண்டுபிடிக்க 'நேர் மேலே' எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குக்குண்டு. ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு நூல் சாய்ந்தால் தரையில் 31 மீட்டர் பிசகும். 1820-இல் உடல்நலம் தேற இந்தியாவிலிருந்து கேப்புக்கு வந்த ஒருவர் லக்காயின் இடங்களைப் போய்ப் பார்த்தார். கோட்டின் இரு முனைகளிலும் மலை. மலைக்கும் ஈர்ப்பு உண்டல்லவா? அது குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்றார். அவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே இந்திய நில அளவையைத் தொடங்கிய லாம்டனிடம் வேலை பார்த்தவர். பின்னால் மக்ளியர் என்பவர் 1840-களில் லக்காயின் கோட்டின் நீளத்தை மறுபடி, இன்னும் தொலைவுவரை, அளந்து எவரெஸ்ட் சொன்னதே சரி என்று காட்டினார். மேசை மலை உச்சியில் மக்ளியர் எழுப்பிய கற்குவியலைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். இன்னொன்றும் சொல்லியிருப்பேன்: மலையே இல்லாவிட்டாலும், டர்பனில் அவர் தொங்கவிட்ட நூலை அப்படியே கீழே நீட்டினால் அது பூமியின் மையத்தைத் தொடாது. சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிப் போகும். இடுப்பு பெருத்ததன் விளைவு.

உள்ளே பாறை ஒரே சீராக இல்லாததால் கடல் மட்டமும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, நம் இந்தியப் பெருங்கடலில். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. 1860 நவம்பர் 16-இல் நம் முன்னோர்களை இங்கே இறக்கிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கும்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்குகிறாள். "தாத்தா, அப்போ கப்பல் பள்ளத்துல சறுக்கிடாதா?"

சறுக்காது கண்ணு. அங்கே நூலும் தண்ணீரும் சேர்ந்தே சாயும். கப்பலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தால், கடல் அமைதியாக இருந்த வேளையில், அது நீர்மட்டத்துக்கு நேர் செங்குத்தாகவே நின்றிருக்கும்.